கந்தகமும் கற்பூரமும் மணக்கும் பட்டறை

எபனைட் கடையும் பட்டறையைத் தேடிப் போகிறவருக்கு முகவரி தேவையில்லை, மூக்கு போதும். தீபாவளிக்கு மறுநாள் காலையில் தெருவில் மிச்சமிருக்குமே, அந்த நெடி சந்து முனையிலேயே வந்துவிடுகிறது. அதைப் பிடித்துக்கொண்டு போனால் ஓட்டுக்கூரை, ஒற்றை மின்விசிறி, இரண்டு லேத். தரை முழுக்கக் கறுப்பும் பச்சையுமாகச் சுருள் சுருளாகத் துருவல்.

ஊர் திருவள்ளூர். வீரராகவப் பெருமாளுக்காக வருகிறவர்கள்தான் அதிகம். ஆனால் உலகெங்கும் பேனா சேர்க்கிறவர்களுக்கு இந்த ஊர்ப் பெயர் வேறு காரணத்துக்காகத் தெரியும். கையால் கடைந்த ரங்கா பேனாக்கள் இங்கிருந்துதான் போகின்றன. நான் போனது அங்கே அல்ல. பெயர்ப்பலகைகூட இல்லாத, பிறருக்குக் கூலிக்குக் கடைந்து கொடுக்கும் சின்னப் பட்டறை. அறுபதைத் தாண்டிய ஒரு பெரியவரும் அவருடைய அக்கா மகனும் வேலை செய்கிறார்கள். பெயர் போட வேண்டாம் என்றார் பெரியவர். "பேனாவிலேயே எம் பேரு இல்ல சார், பேப்பர்ல எதுக்கு?"

எபனைட் என்பது ரப்பர்தான். டயருக்குச் சேர்ப்பதைவிடப் பல மடங்கு கந்தகம் சேர்த்து, மணிக்கணக்கில் வேகவைத்தால் கருங்காலி போல இறுகிவிடும். சார்லஸ் குட்இயரின் தம்பி நெல்சன் குட்இயர் 1851-இல் இதற்குக் காப்புரிமை வாங்கினார். ஊற்றுப்பேனா பிறந்து வளர்ந்ததே இந்தப் பொருளில்தான். பிளாஸ்டிக் வந்ததும் உலகம் அதை விட்டுவிட்டது. நம் ஊர்ப் பட்டறைகள் விடவில்லை. பழக்கம் மட்டும் காரணமல்ல. நம்முடைய பழைய பேனாக்களில் மை நேராகக் கட்டைக்குள்ளேயே ஊற்றப்படும். கைச்சூடு கட்டைக்குள் இறங்கினால் உள்ளிருக்கும் காற்று விரிந்து, மையைப் பிதுக்கித் தாளில் சொட்டவைக்கும். எபனைட் சூட்டை எளிதில் கடத்தாது. நிப்புக்கு அடியில் இருக்கும் நாக்கும் எபனைட்டாக இருந்தால் மை அதில் நன்றாக ஒட்டி, சீராக இறங்கும். பள்ளிக்கூடத்தில் சட்டைப்பையை நீலமாக்கிக்கொண்ட தலைமுறைக்கு இந்த விஞ்ஞானத்தை விளக்க வேண்டியதில்லை.

பெரியவர் கட்டைவிரல் தடிமனுள்ள எபனைட் கம்பியை லேத்தின் சக்கில் பிடித்து, முதலில் துளை போடுகிறார். கொஞ்சம் இறக்குகிறார், வெளியே இழுக்கிறார், மறுபடி இறக்குகிறார். ஒரே மூச்சில் இறக்கினால் சூடேறி உள்சுவர் இளகிவிடும். ஆறியதும் அளவு மாறியிருக்கும். பிறகு உளி. துருவல் ரிப்பனாக உரிந்து வந்தால் உளியில் கூர் இருக்கிறது என்று பொருள். பொடியாக உதிர்ந்தால் சாணைக்குப் போக வேண்டும். எபனைட் உளியைச் சீக்கிரம் மழுக்கிவிடும் என்பதால் கடைகிற நேரத்துக்குக் குறையாமல் சாணை பிடிக்கிற நேரமும் போகிறது. கடைசல் என்றால் கடைவதுதான் என்று நாம் நினைக்கிறோம். பாதி வேலை கூர் தீட்டுவதில் இருக்கிறது.

மரை போட்டபின் மூடியை உதட்டில் வைத்து உறிஞ்சிப் பார்க்கிறார். காற்று கசிந்தால் மை உலரும். இதற்குக் கருவி எதுவும் இல்லையா என்று கேட்டேன். "இதான் கருவி" என்று உதட்டைத் தொட்டுக் காட்டினார்.

எபனைட் அவருக்குக் கை பழகிய பொருள். நான் போனது அதற்காக அல்ல. இப்போதெல்லாம் வாடிக்கையாளர்கள் விதவிதமான பொருளில் பேனா கேட்கிறார்கள். பனங்கட்டை, மாட்டுக்கொம்பு, மூங்கில், பழைய செல்லுலாய்ட். அதையெல்லாம் எப்படிச் சமாளிக்கிறார் என்று பார்க்கத்தான்.

பனைதான் பெரிய வம்பு. வெளியிலிருந்து பார்த்தால் வைரம் பாய்ந்த கறுப்பு. குறுக்கே வெட்டினால் ஊசி ஊசியாக இரும்பு போன்ற நார், ஊசிகளுக்கு நடுவில் பஞ்சு போன்ற சோறு. மரத்தின் ஓரத்தில் நார் நெருக்கம், நடுவில் தளர்ச்சி. ஆகவே ஓரத்துக் கட்டையைத்தான் எடுக்க வேண்டும். லேத்தில் சுழலும்போது உளி ஒரு நொடி கல்லிலும் மறு நொடி பஞ்சிலும் படுகிறது. கொஞ்சம் அழுத்தினாலும் நார் வேரோடு பிடுங்கிக்கொண்டு வரும். கட்டையில் பள்ளம், கையில் சிலாம்பு. பெரியவர் செய்தது இது. தோராயமாக உருட்டிய கட்டையின் மேல் நீர்போல ஓடும் சூப்பர் பசையைச் சொட்டு சொட்டாக விட்டார். சோறு அதைக் குடித்து இறுகியது. அரை மில்லிமீட்டர் அளவுக்குக் கடைந்தார். அடியில் மறுபடி சோறு தெரிந்தது, மறுபடி பசை. இப்படியே அடுக்கடுக்காக இறங்கினார். ஒரு கட்டை பாதியில் பிளந்து, துண்டு சுவரில் போய் அடித்தது. மருமகன் குனிந்துகொண்டான். பெரியவர் அசையவில்லை. லேத்தை நிறுத்தி, அடுத்த கட்டையை எடுத்தார். திட்டு ஒன்றும் வரவில்லை, பனையைத் தவிர வேறு யாருக்கும்.

பனைக்குள் மையை நேராக ஊற்ற முடியாது, ஊறிவிடும். உள்ளே எபனைட் குழாய் சொருகி ஒட்ட வேண்டும். கழுத்தும் மரையும் எபனைட்தான். அதாவது பனைப்பேனா என்பது பனைச் சட்டை போட்ட எபனைட் பேனா. மூங்கிலுக்கும் இதே கதை. மூங்கிலில் மணற்சத்து இருப்பதால் உளி இன்னும் சீக்கிரம் தேயும், தோலைக் கடைந்துவிட்டால் அழகும் போய்விடும். கணுவைக் காப்பாற்றிக்கொண்டு உள்ளே மட்டும் துளைக்கிறார். எந்த மூங்கிலும் நேர்வட்டம் இல்லை என்பதால் ஒவ்வொரு மூடியையும் அதனதன் கட்டைக்குப் பார்த்துப் பார்த்துப் பொருத்த வேண்டியிருக்கிறது. இரண்டு மூங்கில் பேனாவின் மூடிகளை மாற்றிப் போட்டுப் பார்த்தேன். மரை ஏறியது. வெளிவிளிம்பு ஒன்றுக்கொன்று சேரவே இல்லை.

எருமைக்கொம்பில் நுனிப்பகுதி மட்டும்தான் கெட்டி, மற்றது உள்ளீடற்றது. கொம்பு நகத்தைப் போல அடுக்கடுக்காக வளர்வது, சூடேறினால் அடுக்கு பிரியும். கடையும்போது முடி கருகும் வாடை வந்தால் கையை எடுத்துவிட வேண்டும் என்கிறார். மெருகு ஏற்றிய கொம்பின் பளபளப்பு எந்த அக்ரிலிக்கிலும் வராது. ஆனால் ஈரக்காற்றில் உப்பும், வறண்டால் வெடிக்கும், பூச்சி அரிக்கும். என்னைக் கேட்டால், பார்க்கத்தான் கொம்பு, எழுத எபனைட்.

மான்கொம்போடு வருகிறவர்களும் உண்டு. தாத்தா காலத்துக் கொம்பு, சுவரில் சும்மா தொங்குகிறது என்பார்களாம். காட்டில் தானாக உதிர்ந்த கொம்பாக இருந்தாலும் வாங்குவதும் விற்பதும் வனவிலங்குப் பாதுகாப்புச் சட்டப்படி குற்றம். தந்தமும் அப்படியே. பெரியவர் உள்ளேயே விடுவதில்லை. செம்மரத்தையும் தொடுவதில்லை, ஆந்திர எல்லை அருகில் இருக்கிற ஊரில் கணக்கில் வராத செம்மரத்துண்டு ஒன்று கிடந்தால்கூட என்ன ஆகும் என்று அவருக்குத் தெரியும். கருங்காலி கேட்கிறவர்கள் மட்டும் திடீரென்று பெருகிவிட்டார்கள். மாலை போட்டு முடித்துவிட்டு இப்போது பேனாவுக்கு வந்திருக்கிறார்கள் போலும்.

செல்லுலாய்டைக் கடையும் நாளில் பட்டறையின் வாசனையே மாறிவிடும். கற்பூரம் கலந்து செய்த பொருள் அது. அந்தக் காலத்துச் சினிமாச் சுருளும் இதே சரக்குதான். அதே போல் தீயும் பிடிக்கும். அன்றைக்குப் பீடி, சாணைப்பொறி இரண்டும் வெளியே. துருவலைக் கூட்டிக் கூட்டித் தண்ணீர் வாளியில் போடுகிறான் மருமகன். செல்லுலாய்டை உடனே அளவுக்குக் கொண்டுவரவும் முடியாது. உள்ளிருக்கும் கரைப்பான் மெல்ல மெல்ல வெளியேறும்போது பொருள் சுருங்கும். தோராயமாகக் கடைந்து, துளை போட்டு, மாதக்கணக்கில் பரணில் போட்டுவிட வேண்டும். அவசரப்பட்டு மரை வெட்டினால் அடுத்த வருடம் மூடி ஏறாது. வாடிக்கையாளர் நாள்தோறும் போன் செய்கிறார். பரண் பதில் சொல்வதில்லை.

நம் நாட்டில் பேனா கடைவது சுதேசியோடு சேர்ந்து வளர்ந்த தொழில். ராஜமுந்திரியில் ரத்னம் என்பவர் செய்த பேனாவைக் காந்தியிடம் சேர்ப்பித்தவர் தஞ்சாவூரில் பிறந்த ஜே.சி. குமரப்பா. கடைத்தெருவில் விற்கும் வெளிநாட்டுப் பேனாக்களுக்கு இது நல்ல மாற்று என்று 1935-இல் காந்தி ரத்னத்துக்குக் கடிதம் எழுதினார். குமரப்பாவின் கிராமத்தொழில் சங்கம் அதற்கு முந்தைய ஆண்டுதான் தொடங்கியிருந்தது. பிறகு பால்பாயின்ட் வந்தது, அச்சில் வார்த்த பிளாஸ்டிக் வந்தது. கடைசல்காரர்கள் சாயம்போட்ட கட்டில் காலுக்குப் போனார்கள். இப்போது வெளிநாட்டு ரசிகர்களால் கொஞ்சம் உயிர் வந்திருக்கிறது.

அந்த உயிரில் கடைசல்காரருக்கு எவ்வளவு பங்கு? இங்கேதான் எனக்கு உறுத்துகிறது. பேனா வாங்குகிறவர் முதலில் கேட்பது நிப் ஜெர்மனியா என்பது. நிப்பில் செய்தவன் பெயர் பொறித்திருக்கிறது. மூடிக் கொக்கியில் கடைக்காரர் பெயர். நாக்கிலிருந்து மூடி வரை உளி பிடித்தவருக்கு உருப்படிக் கணக்கில் கூலி. பனங்கட்டை பிளந்தால் அந்த உருப்படி கணக்கில் வராது. போன நேரம் அவருடையது. கடினமான பொருளுக்கு விலை கூடுகிறது, கூலி அதே வேகத்தில் கூடுவதில்லை. ஐ.டி.ஐ.யில் டர்னர் படிப்பு இருக்கிறது, அது இரும்புக்கு. பனைக்கும் கொம்புக்கும் பாடம் எங்கேயும் இல்லை. மருமகன் நன்றாகவே கடைகிறான், காதுக்கு வேலை தெரிகிறது, சத்தம் மாறினால் கையை எடுக்கிறான். ஸ்ரீபெரும்புதூர்ப் பக்கம் ஒரு தொழிற்சாலையில் வேலைக்கும் மனுப் போட்டிருக்கிறான். கிடைத்தால் போய்விடுவான். அவனைக் குறை சொல்ல எனக்கு வாய் வரவில்லை. பெரியவரும் சொல்லவில்லை. "மாசம் பொறந்தா சம்பளம் சார்" என்றார், அவ்வளவுதான்.

கையால் கடைந்த பேனாவை இணையத்திலோ கடையிலோ வாங்குகிறீர்கள் என்றால், கடைந்தவர் யார் என்று ஒரு கேள்வி கேளுங்கள். அவர் பெயரையும் ரசீதில் எழுதச் சொல்லுங்கள். பத்துப் பேர் கேட்டால் கடைக்காரர் யோசிப்பார். உங்கள் வீட்டு அலமாரியில் அப்பாவின் எபனைட் பேனா மை காய்ந்து கிடந்தால் வெந்நீரில் மட்டும் போட்டுவிடாதீர்கள், நிறம் பழுப்பேறிவிடும். பச்சைத் தண்ணீரில் நாக்கையும் நிப்பையும் ஓர் இரவு ஊறவையுங்கள். மூடி கழன்று வராவிட்டால் குறடு போடாதீர்கள். பக்கத்தில் கடைசல் பட்டறை எங்கே இருக்கிறது என்று விசாரித்து, அது இருக்கும்போதே கொண்டுபோய்க் கொடுங்கள்.