யாளிக்கும் கால் வேண்டும்

நுழையும்முன்

கதைகளில் உலவும் உயிர்களுக்குக் கையால் உருவம் கொடுப்பது தொன்மையான கலை. விலையுயர்ந்த பொருள்கள் இன்றியும் அக்கலை செழிக்கும் என்பதை ஆசிரியர் ஒருவரின் பட்டறிவு வழியே இக்கட்டுரை எடுத்துரைக்கிறது.

யாளியை எவரும் உயிருடன் கண்டதில்லை. ஆயினும், அதனை அறியாத தமிழர் அரியர். யானையையே தாக்கி வீழ்த்தும் வலிய விலங்காக ‘ஆளி’யைச் சங்கப் பாடல்கள் குறிப்பிடுகின்றன. நாயக்கர் காலச் சிற்பிகள் சிங்கத்தின் உடலையும் யானையின் துதிக்கையையும் இணைத்து அதனைத் தூண்களில் நிறுத்தினர். மதுரை மீனாட்சியம்மன் கோயிலின் ஆயிரங்கால் மண்டபத்திற்குள் செல்வோர், பாயக் காத்திருக்கும் யாளிகளின் நடுவேதான் நடந்தாக வேண்டும். இல்லாத விலங்கு ஒன்று நம்மை எவ்வாறு அச்சுறுத்துகிறது? அதன் ஒவ்வோர் உறுப்பும் நாம் அறிந்த விலங்கினுடையது என்பதே காரணம். அறிந்தவற்றை இணைத்தே அறியாததைப் படைக்க முடியும். இவ்வுண்மையைப் பழைய செய்தித்தாள்களிலிருந்தும் ஒரு பிடி வெந்தயத்திலிருந்தும் நான் கற்றேன்.

கூழான காகிதம்

எங்கள் ஊரில் மூங்கில் முறத்தின் இடுக்குகளை அடைப்பதற்குக் காகிதத்தையும் வெந்தயத்தையும் ஊறவைத்து, ஆட்டுக்கல்லில் அரைத்து மெழுகுவார்கள். என் பாட்டி அக்கூழைக் கவிழ்த்த பானையின்மேல் அப்பி, காய்ந்தபின் கழற்றிக் கூடை செய்வார். வெந்தயத்தின் வழவழப்பு காகித நார்களைப் பிணைக்கும். அதன் கசப்பு பூச்சிகளை அண்டவிடாது என்பார். எஞ்சிய கூழ் எனக்குக் கிடைக்கும். பாட்டி சொன்ன விக்கிரமாதித்தன் கதையின் வேதாளத்தை அக்கூழில்தான் முதன்முதலாகப் பிசைந்தேன்.

பல ஆண்டுகளுக்குப் பின், சிற்றூர்ப் பள்ளியொன்றில் தமிழாசிரியராகப் பணியாற்றியபோது அந்தக் கூழ் மீண்டும் நினைவுக்கு வந்தது. மாணவர்கள் செயல்திட்டங்களை ஒப்படைக்கும் நாளில் மட்டும் சிலர் தவறாமல் விடுப்பு எடுத்தனர். தெர்மாகோல் அட்டையும் வண்ணத்தாளும் வாங்கப் பணமில்லாதவர்கள் அவர்கள். ஆகவே, அடுத்த செயல்திட்டத்திற்கு ஒரே ஒரு விதியை வகுத்தேன்: கடையில் எதையும் வாங்கக் கூடாது. நாட்டுப்புறக் கதைகளில் வரும் ஓர் உயிரைக் காகிதக்கூழில் செய்ய வேண்டும். பிறகு அதன் கதையை எழுத வேண்டும். குறித்த நாளில் ஒருவர்கூட விடுப்பு எடுக்கவில்லை.

கைகள் கற்ற பாடம்

வேலை எளிதன்று. செய்தித்தாளைக் கத்தரியால் நறுக்காமல் கையால் கிழிக்க வேண்டும். கிழிந்த ஓரத்தில் வெளிப்படும் நார்கள் ஒன்றோடொன்று நன்கு பின்னிக்கொள்ளும். ஓர் இரவு ஊறிய காகிதத்தை அரைத்துப் பிழிந்து, வெந்தய விழுதையோ புளியங்கொட்டைப் பசையையோ சேர்க்க வேண்டும். உள்ளே எலும்புக்கூடாகக் காலிக் குப்பியும் சுருட்டிய தாளும் கட்டுக்கம்பியும் உதவும். கூழைத் தடிமனாக அப்பினால், நீர் வற்றும்போது மேற்புறம் முதலில் சுருங்கி வெடித்துவிடும். எனவே மெல்லிய படலமாகப் பூசி, நிழலில் உலர்த்தி, அதன்மேல் அடுத்த படலத்தைப் பூச வேண்டும். பொறுமை என்னும் சொல்லுக்கு இதனைவிட நல்ல விளக்கத்தை நான் வகுப்பில் கூறியதில்லை.

செதில்களுக்குப் பூசணி விதைகள், பிடரி மயிருக்குத் தேங்காய் நார், கண்களுக்குப் புளியங்கொட்டை, முதுகின் முட்களுக்கு முட்டை அட்டையின் கூம்புகள் என்று வீட்டின் கழிவுகள் எல்லாம் வகுப்பறைக்கு வந்தன. யாளி செய்த குழுவுக்கு ஓர் இடையூறு நேர்ந்தது. தலை பெரிதாகிவிட்டதால் அது முன்புறம் கவிழ்ந்துகொண்டே இருந்தது. நெடுநேரம் எண்ணிப் பார்த்த மாணவனொருவன், உடலாக வைத்திருந்த குப்பியின் பின்பகுதியில் மணலை நிரப்பினான். யாளி நிமிர்ந்து நின்றது. கற்பனை விலங்காயினும் புவியீர்ப்புக்கு உட்பட்டுத்தானே நிற்க வேண்டும்! பறக்கும் குதிரை செய்தவர்களோ சிறகு உடலோடு எங்கே இணைகிறது என்று அறியக் கோழியைத் தூக்கிப் பார்த்தனர். வியப்பைப் படைக்க விரும்பியவர்கள் உலகை உற்றுநோக்கத் தொடங்கினர்.

எளிய பொருள், பெரிய கலை

எளிய பொருளால் செய்தது எளிய கலையாகவே இருக்கும் என்று எண்ணுவோர் மெக்சிகோ நாட்டின் பெத்ரோ லினாரெசை அறிதல் நலம். மெக்சிகோ நகரில் காகிதமும் பசையும் கொண்டு திருவிழா உருவங்கள் செய்து பிழைத்தவர் அவர். 1936ஆம் ஆண்டில் கடும் நோயுற்றுக் கிடந்தபோது, சிறகு முளைத்த கழுதையையும் கொம்பு முளைத்த சேவலையும் கனவில் கண்டதாகக் கூறினார். நலம் பெற்றதும் அவற்றைக் காகிதத்திலேயே வடித்தார். ‘அலெப்ரிகே’ எனப்படும் அவ்வுருவங்கள் இன்று அந்நாட்டின் அடையாளங்களுள் ஒன்று. 1990ஆம் ஆண்டில் அந்நாட்டரசு கலைக்கான தேசியப் பரிசை அவருக்கு வழங்கியது. கழுதையும் சேவலும் அவர் நாள்தோறும் கண்டவையே. அவற்றை இணைத்த துணிவு மட்டுமே புதிது.

கிளியின் வடு

ஏழு கடலுக்கு அப்பால், குகைக்குள் ஒரு கிளி; அதற்குள் அரக்கனின் உயிர். கிளியைக் கொன்றால் அரக்கன் மடிவான். நீங்களும் கேட்டிருக்கும் இக்கதையின் கிளியை ஒரு மாணவி தேர்ந்தெடுத்தாள். வீட்டு வேலைகளுக்கிடையே அவசரமாக வெயிலில் காயவைத்ததால் கிளியின் மார்பு வெடித்தது. விரிசலில் கூழை அடைத்தாள். பச்சை வண்ணம் தீட்டினாள். ஆயினும், கோடு மறையவில்லை. வேறொன்று செய்ய நாளும் இல்லை.

அவள் எழுதிய கதையில் அந்த விரிசல் வாளின் வடுவாக மாறியிருந்தது. இளவரசன் வாளை ஓங்குகிறான். முனை கிளியின் மார்பைத் தொடுகிறது. அவன் வாளைத் தாழ்த்திவிடுகிறான். “அரக்கன் தீயவன்தான். அவன் உயிரைச் சுமந்தது தவிர, கிளி என்ன பிழை செய்தது?” என்று முடித்திருந்தாள். அக்கதையைச் சிறுவயதிலிருந்து கேட்டு வருபவன் நான். ஒருமுறைகூட அக்கேள்வி எனக்குள் எழுந்ததில்லை. அவளோ பல நாள்கள் அக்கிளியைக் கையில் ஏந்தியவள். அதன் மார்பை விரலால் தடவிச் சரிசெய்தவள். கையில் ஏந்திய ஒன்றை வெட்ட மனம் வருமா?

கதையைக் கேட்பவர் அதன் முடிவை ஏற்றுக்கொள்கிறார். கதையின் உயிரைக் கையால் செய்பவர் அதற்காக வாதாடத் தொடங்குகிறார். மாணவர்களே, உங்கள் வீட்டிலும் பழைய செய்தித்தாள் இருக்கும். அஞ்சறைப்பெட்டியில் வெந்தயம் இருக்கும். பாட்டி சொன்ன கதை ஒன்றும் நினைவில் இருக்கும். அக்கதையில் யாருக்காக வாதாட வேண்டும் என்பதை உங்கள் விரல்கள் கண்டுபிடிக்கட்டும்.