பாதை திருந்தியது, பாரம் குறையவில்லை

'பிறவியிலேயே திருத்தப்பட்ட இடமாற்றம்.' என் இதயக் கோளாறுக்கு மருத்துவர்கள் வைத்திருக்கும் பெயர் இது. ஆசிரியர் பிழை திருத்திக் கொடுத்த கட்டுரை நோட்டு மாதிரி இருக்கிறது. திருத்தப்பட்டுவிட்டதே, இனி என்ன கவலை என்று வீட்டில் எல்லோரும் நிம்மதி அடைந்தார்கள்.

ஆனால் அந்தப் பெயர் பாதி உண்மைதான். கருவிலேயே என் இதயத்தின் இரு கீழறைகளும் இடம் மாறிவிட்டன. அவற்றிலிருந்து புறப்படும் பெரிய ரத்தக் குழாய்களும் மாறிவிட்டன. ஒரு தவறை இன்னொரு தவறு ஈடுகட்டியதால், அசுத்த ரத்தம் நுரையீரலுக்கும் சுத்த ரத்தம் உடலுக்கும் ஒழுங்காகவே போகின்றன. உடல் நீலம் பாரிப்பதில்லை. கூடவே சுவரில் ஓட்டை போன்ற குறைகள் இல்லாதவர்கள், 40 வயதைத் தாண்டியும் எதுவும் தெரியாமல் வாழ முடியும். வியன்னாவில் ரோக்கிடான்ஸ்கி 1875-ல் விவரித்த இக்கோளாறு, பிறவி இதய நோயாளிகளிலேயே சுமார் 100-ல் ஒருவருக்கோ அதற்கும் குறைவாகவோதான் காணப்படுகிறது.

திருந்தியது ரத்தத்தின் பாதை மட்டுமே. நுரையீரலுக்கு ரத்தம் அனுப்ப ஏறத்தாழ 25 மி.மீ. அழுத்தம் போதும்; உடலுக்கு அனுப்ப 120 வேண்டும். சின்ன வேலைக்காக அமைந்த வலது கீழறை எனக்குள் 46 ஆண்டுகளாகப் பெரிய வேலையைச் செய்துகொண்டிருக்கிறது. காலப்போக்கில் அது விரிந்து களைத்துப்போகலாம், வால்வு கசியலாம். இதயத்தின் மின்பாதையும் பலவீனமானது. ஆண்டுதோறும் 100-ல் சுமார் 2 பேருக்கு மேலறையின் துடிப்பு கீழறையை எட்டாமல் நின்றுபோகிறது. அப்போது பேஸ்மேக்கர்தான் கதி.

இ.சி.ஜி.யை மட்டும் பார்த்த ஒரு டாக்டர், எனக்கு எப்போதோ மாரடைப்பு வந்திருப்பதாகச் சொல்லி மாத்திரை எழுதித் தந்தார். மூன்று வருடம் விழுங்கினேன். கீழறைகள் மாறியிருந்தால் இ.சி.ஜி. அப்படித்தான் ஏமாற்றும். பிறகு நிதானமாக எடுத்த எக்கோதான் உண்மையைச் சொன்னது.

குழந்தைகளின் இதய மருத்துவரிடம் போக எனக்கு வயதில்லை. பெரியவர்களைப் பார்க்கும் மருத்துவரின் வாசலிலோ அடைப்பு நோயாளிகளின் கூட்டம். இரண்டுக்கும் நடுவே காணாமல் போய்விடாதிருக்க, பிறவி இதய நோயில் அனுபவமுள்ள ஒருவரிடம் வருடம் தவறாமல் போகிறேன். எக்கோவும் இ.சி.ஜி.யும் எடுக்கிறார்கள். மூச்சு வாங்கினாலோ மயக்கம் வந்தாலோ அந்த வருடாந்தரத் தேதிக்காகக் காத்திருப்பதில்லை.

என் மருத்துவக் கோப்பில் அந்த நீண்ட பெயருக்குக் கீழே நானே ஒரு வரி எழுதி வைத்திருக்கிறேன்: 'இவருக்கு உடலெங்கும் ரத்தம் அனுப்புவது வலது கீழறை.' புதிதாகப் பார்க்கும் எந்த டாக்டரும் முதலில் படிக்க வேண்டியது அதைத்தான்.