ஏட்டில் ஏறாத காவல்

காற்பந்தாட்டத்தைப்பற்றிப் பேசப் புகுவோர் பெரும்பாலும் கோல் அடித்தவனைப்பற்றியே பேசுகின்றனர். 1975ஆம் ஆண்டு மே மாதத்தில், பேர்பெற்ற ஆர்சனல் கோஷ்டி இங்கிலாந்திலிருந்து கோலாலம்பூருக்கு வந்து, மெர்டேக்கா அரங்கில் சிலாங்கூர்க் கோஷ்டியிடம் இரண்டுக்குப் பூஜ்யம் என்ற கணக்கில் தோற்றுத் திரும்பியது. அவ்விரண்டையும் அடித்தவர் மொக்தார் டஹாரி என்பதை நம் தோட்டத்துச் சிறுவனும் சொல்லுவான். அந்தப் பூஜ்யத்தை ஆக்கியவர் யாவர் என்று கேட்டாலோ, சிறுவன் மட்டுமன்று, டவுனில் தே தாரிக் கடையில் அமர்ந்து உலக ஆட்டங்களையெல்லாம் அலசும் பெரியோர்களும் தலையைச் சொறிவார்கள். பூஜ்யம் தானாக விளைவதில்லை, நேயர்களே. தொண்ணூறு நிமிடம் பின்களத்தில் நின்று, வந்தவனையெல்லாம் வழிமறித்துச் சிலர் ஆக்குகின்ற பொருள் அது.

நாம் தொழிலால் தோட்டத்துக் கிராணி. இன்று எத்தனை குலை வெட்டப்பட்டது, உதிரிப்பழம் எத்தனை மூட்டை, யார் வந்தார், யார் வரவில்லை என்று எழுதுவதே நமது பிழைப்பு. வெட்டிய குலைக்கு ஏட்டில் பத்தியுண்டு. மழைக்கு முன்னரே வடிகாலை வாரிவிட்டு, வெள்ளம் செம்பனைக்குள் ஏறாமற் காத்தவனுக்கு 'ஒரு நாள் வேலை' என்பதற்குமேல் எழுத இடமில்லை. வராத வெள்ளத்தை எந்தப் பத்தியில் எழுதுவது? இத்தொழிலில் பத்தாண்டு கழித்த நமக்குப் பின்களக்காரர்கள்மீது ஒரு தனிப் பற்று உண்டானது வியப்பன்று. அவர்களுள்ளும் நம் நாட்டில் தலையாயவர் சோ சின் ஆன்.

அவர் 1950ஆம் ஆண்டு ஜூலை 28ஆம் தேதி மலாக்காவைச் சேர்ந்த அலோர் காஜாவில் பிறந்தவர். மலாக்காவுக்கும் பின்னர் சிலாங்கூருக்கும் ஆடியவர். 1969 முதல் 1984 வரை நாட்டின் பின்களத்தில் நின்றவர். 'தவுக்கே' என்பது ஜனங்கள் அவருக்கு இட்ட பட்டப்பெயர். தவுக்கே என்றால் கடை முதலாளி என்பது நம் நாட்டார்க்கு விளக்க வேண்டியதில்லை. கல்லாவில் உட்கார்ந்த இடத்திலிருந்தே கடை முழுவதையும் கண்ணால் ஆளுகின்றவன் எவனோ அவனே தவுக்கே. பின்களத்தில் அவர் நின்ற நிலைக்கு அதைவிடப் பொருத்தமான பெயரை எந்தப் புலவரும் இட்டிருக்க முடியாதென்பது நமது துணிபு.

22 வயதில் அவர் மியூனிக் ஒலிம்பிக்கிற்குச் சென்றார். 1972ஆம் ஆண்டின் அக்கோஷ்டியில் நம்மவரான எம். சந்திரனும், பினாங்கின் நாமாட் அப்துல்லாவும் பின்களக்காரர்களாக இருந்தனர். மேற்கு ஜெர்மனியிடம் 3 கோலில் தோல்வி, அமெரிக்காவிடம் 3 கோலில் வெற்றி, மொராக்கோவிடம் 6 கோலில் தோல்வி. முன்களக்காரன் அடித்தால் பத்திரிகையில் அவன் பெயர் வரும். பின்களக்காரன் பெயர் வருவது பெரும்பாலும் கோல் வாங்கிய மறுநாளில்தான். ஆறு வாங்கிய கோஷ்டியின் இளைஞன் அதற்குப் பின்னும் பன்னிரண்டு ஆண்டுகள் அதே இடத்தில் நின்றான் என்பதை நேயர்கள் கவனிக்க வேண்டும்.

அமெரிக்காவில் காற்பந்து என்றே பெயரிட்டு, பெரும்பாலும் கையால் ஆடும் ஆட்டமொன்று உண்டு. அதில் மூலைக் காவலன் என்றொருவன், எதிரியின் பந்து பிடிக்கும் ஓட்டக்காரனை நிழல்போல் தொடர்ந்து அவனிடம் பந்து சேராமற் செய்ய வேண்டும். நியூயார்க் ஜெட்ஸ் கோஷ்டியில் 2007இல் சேர்ந்த டேரல் ரேவிஸ் என்பவர் இவ்வேலையில் எவ்வளவு வல்லவராய் இருந்தாரெனில், அவர் நிற்கும் பக்கத்திற்கே பந்தெறிய எதிரிகள் அஞ்சினர். அவ்விடத்திற்கு 'ரேவிஸ் தீவு' என்று பெயரும் வழங்கிற்று. அங்கே சென்ற ஓட்டக்காரன் தீவில் தனியே விடப்பட்டவனாவான் என்பது கருத்து. இதில் நாம் ரசித்தது வேறொன்று. பந்து வந்தாலன்றோ தடுத்ததாகக் கணக்கெழுதலாம்? பந்தே வராதவனுக்கு எதை எழுதுவது? அவன் திறமை ஏற ஏற அவன் பத்தி காலியாகின்றது. அந்த நாட்டார் கணக்கில் கெட்டிக்காரர்கள். காலியான பத்தியையும் படிக்கக் கற்று, 2023இல் அவரைத் தங்கள் புகழ் மண்டபத்தில் ஏற்றினர்.

தவுக்கே ஆடியதை நாம் நேரில் கண்டதில்லை. அவர் விலகிய பின்னரே நாம் பிறந்தோம். கண்டவர் நம் தோட்டத்தில் ஒருவர் இருக்கின்றார். நாம் பெரியப்பா என்றே அழைப்போம். இரத்த உறவன்று, லயத்து உறவு. தவுக்கே பிறந்த அதே 1950இல் பிறந்தவர். இளமையில் தோட்டத்துக் கோஷ்டியில் பின்களக்காரராய் இருந்தார். சிலாங்கூர்க் கோஷ்டி பினாங்குக்கு வருகின்றதென்றால், பட்டர்வொர்த்தில் பெரியேறித் தஞ்சோங்குக்குச் சென்று, டத்தோ கிராமாட் சாலையிலுள்ள அரங்கில் மதியமே இடம்பிடித்து உட்காருவாராம். பினாங்குக்காரருக்குச் சிலாங்கூர்மீது இருந்த கோபம் சொல்லிமுடியாது. 1974இல் பேராக்கை வென்று மலேசியக் கிண்ணத்தைத் தூக்கிய பினாங்கு, 1977இல் இறுதியாட்டம்வரை வந்து சிங்கப்பூரிடம் 3-2 என்று இழந்தது. அவ்விரண்டு ஆண்டுகளுக்கும் இடையிலும் பின்னும் கிண்ணம் பெரும்பாலும் சிலாங்கூர் அலமாரியிலேயே இருந்தது.

"அந்த ஆளைத் திட்டாத திட்டு இல்ல தம்பி. ஆனா கண்ணு மட்டும் அவன் மேலதான் இருக்கும்" என்று பெரியப்பா ஒரு நாள் சொன்னார். "மத்தவனெல்லாம் பந்தைப் பாத்து ஓடுவான். இவன் ஓடமாட்டான். பந்து எங்க வரப்போவுதோ அங்க முன்னாடியே போய் நின்னுக்குவான். நம்ம பையன் பந்தோட வந்து நிமிந்து பாத்தா, எதுக்க செவுரு!" இவ்வளவு சொல்லிவிட்டு, சுவர் நிற்பதுபோல எழுந்து நின்றும் காட்டினார். பள்ளியில் படித்த காலத்தில் ஆட்டக்கலையைப்பற்றி நாம் வாசித்த புத்தகங்கள் எதுவும் இவ்வளவு தெளிவாகச் சொல்லவில்லை.

1980ஆம் ஆண்டு ஏப்ரல் 6ஆம் தேதிக்கு வருவோம். மெர்டேக்கா அரங்கில் தென்கொரியாவுடன் ஆட்டம். வென்றால் மாஸ்கோ ஒலிம்பிக். தலைவர் சோ சின் ஆன். அவருக்குப் பக்கத்தில் சந்தோக் சிங். பின்னால் கோல்கம்பத்தில், நீண்ட கைகளால் 'ஸ்பைடர்மேன்' என்று பெயர்பெற்ற நமது ஆர். ஆறுமுகம். ஹசான் சானி ஒரு கோலும், முடிவை நெருங்கிய வேளையில் ஜேம்ஸ் வோங் ஒரு கோலும் அடிக்க, மலேசியா 2-1 என வென்றது. பெரியப்பா லயத்து வானொலியருகே நின்று கேட்டாராம். முப்பது வயது மனிதர் அன்று அழுதார் என்று பெரியம்மா இன்றும் கேலி செய்வார்.

ஆயினும் மாஸ்கோவுக்கு அவர்கள் செல்லவில்லை. சோவியத் படை 1979 டிசம்பரில் ஆப்கானிஸ்தானத்திற்குள் புகுந்ததைக் கண்டித்துப் பல நாடுகள் அவ்விழாவைப் புறக்கணித்தன. மலேசியாவும் அவற்றுள் ஒன்று. நமக்குப் பதிலாகச் சென்ற ஈராக் காலிறுதிவரை ஆடியது. அரசியற் காரணத்தின் நியாயத்தை இங்கே ஆராயப் போவதில்லை. முப்பதாம் வயதில் முழு முதிர்ச்சியோடு நின்ற ஒரு பின்களக்காரனுக்கு இன்னொரு ஒலிம்பிக் வாய்க்கவில்லை என்பதை மட்டும் குறித்துக்கொள்ளுகின்றோம். 2016இல் வெளிவந்த 'ஓலா போலா' என்ற படம் இவர்களைத் தழுவியதே. அதில் கோல்காவலன் முத்து என்னும் தமிழன். ஆறுமுகம் அதைக் காண இல்லை. 1988இலேயே சாலை விபத்தில் மறைந்தார்.

இனி நம் தொழிலைச் சார்ந்த விஷயத்திற்கு வருகின்றோம். சோ சின் ஆன் நாட்டிற்காக எத்தனை ஆட்டம் ஆடினார்? 250க்கும் மேல் என்றே நம் நாட்டில் நெடுங்காலம் சொல்லிவந்தனர். உலகச் சங்கத்தின் ஏட்டிலோ அந்த எண் ஏறவில்லை. அயல்நாட்டுக் கிளப்புகளோடும் தேர்வுக் கோஷ்டிகளோடும் ஆடியவற்றைக் கழிக்க வேண்டும், எஞ்சியவற்றுக்கு ஆதாரம் வேண்டும். கழித்துக் கழித்து அவர்கள் ஒப்புக்கொண்ட எண் 195. அதுவும் அவர் விலகி முப்பத்தைந்து ஆண்டுகளுக்கு மேற்பட்ட பின்னர்! வடக்கு அயர்லாந்தின் கோல்காவலர் பாட் ஜென்னிங்ஸ் 1986இல் 119 ஆட்டங்களோடு விலகியபோது அதை உலகச் சாதனை என்று கொண்டாடினர். அதற்கு இரண்டு ஆண்டுகள் முன்னரே 195 ஆடிவிட்டு ஒருவர் மலேசியாவில் வீட்டுக்குத் திரும்பியிருந்தார். 2023இல் போர்ச்சுகலின் ரொனால்டோ, குவைத்தின் பதர் அல்-முத்தாவாவின் 196ஐக் கடந்தபோது உலகப் பத்திரிகைகள் பெரிதாக எழுதின; அந்த 196க்கு ஒன்றே குறைவாய் நின்ற மலாக்காக்காரரை எத்தனை பேர் எண்ணினார்களோ, அறியோம்.

ஆதாரம் என்ற சொல்லைக் கேட்டாலே நமக்குப் பெரியப்பாவின் நினைவு வருவதற்குக் காரணம் உண்டு. அவர் இந்நாட்டில் பிறந்தவர். கையில் இருப்பதோ சிவப்பு அடையாள அட்டை. லயத்தில் பிறந்த குழந்தையை எவரும் பதியவில்லை. அதைத் தலைவிதி என்பாரும் உளர். பேறுகாலத்து ஏட்டைப் பேணாதது விதியின் வேலையன்று. பத்து வயதிலேயே தாயாரோடு பால்வாளி தூக்கினார். கூலி தாயாரின் பெயரில் விழுந்தது. அந்தத் தோட்டமும் பின்னர்க் கைமாறிற்று. பழைய செக்ரோல் புத்தகங்களைத் தேடி நாம் மூன்று ஞாயிற்றுக்கிழமை கிடங்கில் கிடந்தோம். அவர் பெயர் முதன்முதலில் வரக்கூடிய ஆண்டுகளின் புத்தகங்களைக் கரையான் தின்றிருந்தது. 1980இல் வானொலியருகே நின்று நாட்டிற்காக அழுதவரிடம், நீர் இந்நாட்டவர் என்பதற்கு என்ன ஆதாரம் என்று கேட்டால் அவர் எதை எடுத்து நீட்டுவார்?

கடைசியில் பெரியம்மாவின் தகரப் பெட்டியிலிருந்து ஒரு புகைப்படம் கிடைத்தது. தோட்டத்துக் காற்பந்துக் கோஷ்டி. முன்வரிசையில் உட்கார்ந்தவன் மடியில் பந்து. பந்தின்மேல் சுண்ணாம்பால் 1967 என்று எழுதியிருக்கின்றது. அதைப் பிரதியெடுத்து மனுவோடு இணைத்துத் தஞ்சோங்கிலுள்ள ஓர் அலுவலகத்தில் பெரியப்பாவோடு சென்று கொடுத்தோம். பெற்றுக்கொண்ட இளம்பெண் படத்தை வெளிச்சத்தில் பிடித்து, "இதில் இவர் யார், கோல் அடிப்பவரா?" என்று மலாயில் அன்போடுதான் கேட்டாள்.

பெரியப்பா விரலை முன்வரிசைக்குக் கொண்டுபோகவில்லை. பின்வரிசையில், இடப்புற ஓரத்தில், கைகட்டி நின்ற மெலிந்த பையனைத் தொட்டுக் காட்டினார்.