லாரிக்கு எஃப்.சி... என் கைக்கு ஒர்க்ஷாப்!

நான் மேட்டூர் பொண்ணு. 'மேட்டூர் அணை நீர்மட்டம் இத்தனை அடி'ன்னு பேப்பர்ல ஒரு பெட்டிச் செய்தி பார்த்திருப்பீங்களே, அதே ஊர்தான். 120 அடி நிரம்பிட்டா 16 கண் மதகைத் திறப்பாங்க. அந்த இரைச்சலைக் கேட்க ஊரே கூடும். எங்க அப்பாவும் வந்து நிற்பார். அவருக்குச் சத்தம் கேட்காது. "தரை அதிருது" என்று உள்ளங்கையால் காட்டுவார்.

அப்பாவுக்கும் அம்மாவுக்கும் பிறவியிலேயே காது கேட்காது. அப்பா லாரி பட்டறையில் வெல்டர். கேஸ் புக் பண்றதில் ஆரம்பிச்சு ரேஷன் கடைச் சண்டை வரைக்கும் எங்க வீட்டுக்கு வாயும் காதும் நான்தான். என்னை மாதிரிப் பிள்ளைகளை 'கோடா'ன்னு சொல்வாங்க. 2022-ல் சிறந்த படத்துக்கான ஆஸ்கர் வாங்கின படத்தோட பேரும் அதுதான்.

போன வருஷம் ஒருநாள் அப்பா, "சேலத்துல சைகை மொழிபெயர்ப்பாளர்களுக்கு மூணு நாள் ஒர்க்ஷாப் நடக்குது, போறியா?"ன்னு கேட்டார். எனக்குச் சிரிப்பு. எங்க சேலம், நாமக்கல் பக்கம் ஒர்க்ஷாப்னா லாரியைக் கொண்டுபோய் விடற இடம்! "என் கையில என்ன ரிப்பேர்? வாய் பேசறதுக்கு முன்னாடியே சைகையில பேசினவ நான்"ன்னு சொன்னேன். "நல்லா ஓடுற லாரிக்கும் எஃப்.சி. காட்டித்தான் ஆகணும். போயிட்டு வா" என்றார் அப்பா.

போனேன். முதல் நாளே பல்பு! என் சிவப்பு நெயில் பாலிஷையும் வளையலையும் பார்த்துட்டு, "இதையெல்லாம் கழட்டு. மணிக்கணக்கா உன் கையையே பார்க்கப் போறவங்களுக்குக் கண் கூசும்"னு சொன்னார் பயிற்சியாளர். அவருக்கும் காது கேட்காது. சட்டைகூட நம்ம தோல் நிறத்தோட கலந்துடாத மாதிரி, பூப் போடாததா இருக்கணுமாம்.

அப்புறம் இலக்கணம். சைகை மொழிக்கு இலக்கணமான்னு கேட்கறீங்களா? 'சாப்பிட்டாச்சு'ங்கறதைக் கேள்வியாக்கணும்னா நாம கடைசியில ஒரு 'ஆ' சேர்ப்போம். இந்திய சைகை மொழியில் அந்த வேலையைப் புருவம் செய்யுது. புருவத்தைத் தூக்கலைன்னா கேள்வி, தகவலா மாறிடும்! என்ன, ஏன், யார் எல்லாம் வாக்கியத்தின் கடைசியில்தான் வரும். 'உன் பேர் என்ன' மாதிரி. இதெல்லாம் நான் தெரியாமலே செஞ்சுகிட்டு இருந்தது. தெரியாததும் நிறைய இருந்தது. டெல்லியில் இருக்கிற இந்திய சைகை மொழி ஆராய்ச்சி மற்றும் பயிற்சி மையம் 2018-ல் முதல் அகராதி வெளியிட்டப்போ அதில் 3,000 சொற்கள். 2021-ல் 10,000! சட்டம், மருத்துவம், தொழில்நுட்பம்னு எல்லாத்துக்கும் சைகை இருக்கு. நானோ எங்க வீட்டுச் சமையலறைச் சைகைகளை வெச்சுக்கிட்டு, எல்லாம் தெரியும்னு நினைச்சிட்டிருந்தேன்.

இரண்டாவது நாள்தான் விஷயமே. நாடகம் மாதிரி ஒரு பயிற்சி. ஒருத்தர் டாக்டர், பயிற்சியாளர் நோயாளி, நான் மொழிபெயர்ப்பாளர். எல்லாத்தையும் கேமராவில் எடுத்தாங்க. நான் அசத்திட்டதாகத்தான் நினைச்சேன். அப்புறம் வீடியோவை நிறுத்தி நிறுத்திப் போட்டு எண்ணினாங்க. டாக்டர் சொன்னது 11 விஷயம். என் கை சொன்னது 4.

"மிச்சம் 7 எங்கே?"ன்னு கேட்டார் பயிற்சியாளர்.

"எல்லாத்தையும் சொன்னா நோயாளி பயந்துடுவாரேன்னு..."

"பயப்படறதா வேண்டாமான்னு நோயாளி முடிவு பண்ணட்டும். அது உன் வேலை இல்ல."

எனக்கு உட்கார முடியல. வெளியே போய் நின்னுட்டேன். ஏன்னு சொல்றேன்.

நான் ஒன்பதாவது படிக்கிறப்போ அப்பாவுக்குச் சர்க்கரைன்னு தெரிஞ்சது. டாக்டர் பத்து நிமிஷம் பொறுமையாத்தான் சொன்னார். காலில் உணர்ச்சி குறையும், தினமும் பாதத்தைப் பார்க்கணும், வெறுங்காலோட நடக்கக் கூடாது, சின்னப் புண்ணுன்னாலும் உடனே வரணும், இல்லேன்னா விரலை எடுக்க வேண்டி வரலாம்... அப்பா என் கையையே பார்த்துகிட்டு இருந்தார். 'விரலை எடுக்கணும்'னு அப்பாகிட்ட எப்படிச் சொல்றது? "மாத்திரை, தினமும் ரெண்டு. இனிப்பு வேண்டாம். பயம் இல்ல." அவ்வளவுதான் சொன்னேன்.

மூணு வருஷம் கழிச்சு, வெல்டிங் பொறி ஒண்ணு அப்பாவோட செருப்புக்குள்ள விழுந்தது. வலிக்கல. அதனால அவர் பார்க்கல. இடது கால் சுண்டு விரலை எடுத்தாங்க. வீட்ல எல்லாரும் விதின்னு சொன்னாங்க. நானும்தான்.

மூணாவது நாள் ஒரு பாடம் நடந்தது. சொந்தக்காரங்களுக்கு மொழிபெயர்க்கிறதைக் கூடியவரை தவிர்க்கணும், பாசம் கையைக் கட்டிப் போட்டுடும்னு. வேற ஆளே இல்லேன்னா? "அப்போ உன் பயத்தை வெளியே வெச்சுட்டு உள்ளே போ"ன்னார் பயிற்சியாளர். தொடர்ந்து 20, 30 நிமிஷத்துக்கு மேல ஒருத்தரே மொழிபெயர்த்தா மூளை களைச்சுத் தப்பு வரும், அதனாலதான் நீளமான கூட்டங்களில் ரெண்டு பேர் மாறி மாறிச் செய்யறாங்கன்னும் சொன்னார். 2013 டிசம்பர் 10-ம் தேதி நெல்சன் மண்டேலாவின் நினைவுக் கூட்டத்தில், உலகத் தலைவர்களுக்குப் பக்கத்தில் நின்னு அர்த்தமே இல்லாமல் கையை ஆட்டினாரே ஒருத்தர், அந்த வீடியோவையும் காட்டினாங்க. எல்லாரும் சிரிச்சாங்க. எனக்குச் சிரிப்பு வரல. அமெரிக்காவில் சான்றிதழ் வாங்கின மொழிபெயர்ப்பாளர், அதைத் தக்க வெச்சுக்க 4 வருஷத்துக்கு ஒருமுறை 80 மணி நேரப் பயிற்சிக்குக் கணக்குக் காட்டணுமாம். அப்பா சொன்ன எஃப்.சி.!

சேலத்துல பஸ் ஏறினப்பவே முடிவு பண்ணிட்டேன். வீட்டுக்கு வந்து அப்பாவை உட்கார வெச்சு, அன்னைக்கு டாக்டர் சொன்னதை ஒண்ணு விடாமல் சொன்னேன். நான் சொல்லாமல் விட்டதையும் சொன்னேன். 'நீ சின்னப் பொண்ணும்மா, விடு'ன்னு சொல்வார்னு உள்ளூர ஓர் ஆசை.

அப்பா ரெண்டே சைகை காட்டினார். "கால்... யாரோடது?"

ரெண்டு நாள் என்னைப் பார்க்கவே இல்ல. சைகையில் பேசுறவங்க கோபப்பட்டால் அதான் தண்டனை. முகத்தைத் திருப்பிக்கிட்டால் நாம பேசவே முடியாது.

மூணாம் நாள் அவரே வந்தார். அடுத்த வாரம் செக்-அப். டாக்டர்கிட்ட கேட்க அஞ்சு கேள்வி வெச்சிருந்தார். அத்தனை வருஷத்தில் அப்பா டாக்டரிடம் ஒரு கேள்வியும் கேட்டதில்லைன்னு அப்பதான் எனக்கு உறைச்சது. கேட்க நான் விட்டால்தானே!

இந்தத் தடவை நான் அப்பா பக்கத்தில் உட்காரல. டாக்டரையும் என்னையும் அப்பா ஒண்ணாப் பார்க்கிற மாதிரி டாக்டர் பக்கம் நின்னேன். "அப்பாகிட்ட சொல்லும்மா..."ன்னு ஆரம்பிச்ச டாக்டர்கிட்ட, "சார், அவரைப் பார்த்தே பேசுங்க"ன்னேன். அப்பா கை அசைத்தார். நான் சொன்னேன்: "நான் இனிமே வெல்டிங் வேலைக்குப் போகலாமா?"

டாக்டர் திடுக்கிட்டு என்னைப் பார்த்தார். 'நான்'னா அப்பான்னு புரிய ஒரு நொடி ஆச்சு. அப்புறம் அப்பா பக்கம் திரும்பி அவர்கிட்டயே பேசினார். நல்ல செய்தி மட்டும் சொல்லல. சொன்ன எல்லாத்தையும் என் கை சொன்னது. அப்பா முகம் மாறினப்போகூட நிறுத்தல.

இப்போ அப்பா தினமும் ராத்திரி கண்ணாடி வெச்சுப் பாதம் பார்க்கிறார்.

ஃப்ரெண்ட்ஸ், 2011 கணக்கெடுப்புப்படி நம்ம நாட்டில் கேட்கும் திறன் குறைந்தவர்கள் சுமார் 50 லட்சம் பேர். 2023 செப்டம்பரில் சாரா சன்னி என்ற காது கேளாத வழக்கறிஞர், மொழிபெயர்ப்பாளர் உதவியோடு உச்ச நீதிமன்றத்திலேயே வாதாட வந்தார். கோர்ட், ஆஸ்பத்திரி, காலேஜ்னு எல்லா இடத்துக்கும் ஆள் வேணும். ப்ளஸ் டூ முடிச்சிருந்தால் இந்திய சைகை மொழிபெயர்ப்பு டிப்ளமோவில் சேரலாம். சேர்ந்துட்டு, 'எனக்குத்தான் எல்லாம் தெரியுமே'ன்னு மட்டும் நினைச்சுடாதீங்க. சேலத்துல அடுத்த ஒர்க்ஷாப் எப்போன்னு நானே விசாரிச்சுகிட்டு இருக்கேன்.