ஓடுற காம்பரா

மோட்டார் ஹோம் வீடியோ பார்ப்பது எங்கள் ஐந்து பேருக்கும் ஒரு வியாதி மாதிரி. நோர்வேயிலோ நியூசிலாந்திலோ யாரோ ஒரு ஜோடி, வானுக்குள்ளேயே கட்டில், அடுப்பு, கழிப்பறை எல்லாம் வைத்துக்கொண்டு போய் ஏரிக்கரையில் நிறுத்துவார்கள். காலையில் பின்கதவைத் திறந்தால் பனிமலை தெரியும். நாங்கள் ஹொஸ்டலில் பிளேன்டீயோடு உட்கார்ந்து பார்த்துவிட்டு, "மச்சான், ஒரு நாளைக்கு நாமளும்" என்று சொல்லிக்கொண்டு படுத்துவிடுவோம்.

போன ஓகஸ்ட் லீவில் அந்த ஒரு நாள் வந்தது. எங்களில் ஒருவனின் மாமா வவுனியாவில் ஸ்கூல் வான் ஓட்டுகிறார். பள்ளிக்கூடம் இல்லாத நாட்களில் வான் சும்மா நிற்கும். பழைய டொல்பின் ஹயஸ். பின்னால் இரண்டு வரிசை சீட்டைக் கழற்றினோம். போல்ட்டுகள் துருப்பிடித்து இறுகிப்போயிருந்ததால் ஒரு முழு நாள் அதற்கே போனது. பிளைவுட் பலகை போட்டு, அதன் மேல் மெத்தை விரித்தோம். ஒரு காஸ் குக்கர், இருபது லீற்றர் தண்ணீர்க் கான் இரண்டு, அரிசி, பருப்பு, நெத்தலி. இதுதான் எங்கள் மோட்டார் ஹோம். டீசல், சாப்பாடு எல்லாம் சேர்த்து ஆளுக்கு ஐயாயிரத்துச் சொச்சம் வந்தது.

அதே மாதம் எங்களில் இன்னொருத்தியின் பெரியப்பா குடும்பம் ரொறன்ரோவிலிருந்து வந்திருந்தது. அவர்கள் கட்டுநாயக்கவில் இறங்கி, அங்கிருந்தே சின்ன விமானம் ஒன்றில் சிகிரியாவுக்குப் பறந்தார்கள். சிகிரியாவில் விமானப்படையின் ஓடுபாதை ஒன்று இருக்கிறது, செஸ்னா மாதிரியான சின்ன விமானங்கள் அங்கே இறங்கும். பயணம் ஏறக்குறைய அரை மணி நேரம்தான். இரண்டு இரவு ஹோட்டல். பிறகு நேரே தெற்கே கடற்கரைக்கு. "மாத்தளை எப்படி இருந்துச்சு பெரியப்பா?" என்று அவள் போனில் கேட்டாள். "மாத்தளைக்கு நாங்கள் போகேல்லையே பிள்ளை, சிகிரியாவுக்குத்தான் போனனாங்கள்" என்றார். சிகிரியா மாத்தளை மாவட்டத்தில்தான் இருக்கிறது. இதைச் சொல்லிச் சொல்லி ஒரு வாரம் சிரித்தோம். பறந்து போகிறவனுக்கு ஊர் இல்லை, இடம் மட்டும்தான் இருக்கிறது என்று ஒருவன் பெரிய தத்துவமே சொன்னான்.

எங்கள் திட்டம் வேறு. எங்களில் ஒருத்தியின் அப்பாயி இரத்தோட்டைக்கு மேலே ஒரு தோட்டத்தில் இருக்கிறார். எழுபத்தொரு வயது. நாற்பது வருசத்துக்கு மேல் கொழுந்து பறித்தவர். சிகிரியா அங்கிருந்து மூன்று மணி நேரம் கூட இல்லை, ஆனால் அவர் அதைக் கலண்டரில்தான் பார்த்திருக்கிறார். அவரையும் ஏற்றிக்கொண்டு, மாத்தளை, நாலந்தா, தம்புள்ளை, சிகிரியா என்று மூன்று நாள் சுற்றுவது என்று முடிவெடுத்தோம். ஹோட்டலா வானா என்று வாக்கெடுப்பே நடத்தினோம். ஐந்துக்கு ஐந்தும் வானுக்கு விழுந்தது. ஆறாவது ஆளிடம் யாரும் கேட்கவில்லை. அது அப்போது எங்களுக்கு உறைக்கவும் இல்லை.

முதல் நாள் காலை மாத்தளை முத்துமாரியம்மன் கோயிலில் அப்பாயி தேங்காய் உடைத்தார். 1983 யூலையில் எரிக்கப்பட்டு, மறுபடி எழுந்த கோயில் அது. மாசி மகத்துக்கு ஐந்து தேர் இழுப்பார்கள். சின்ன வயதில் தோட்டத்திலிருந்து இறங்கித் தேர் பார்க்க வந்த கதையை அப்பாயி வழியெல்லாம் சொன்னார். கோயிலை விட்டு ஏ9 வீதியில் வடக்கே திரும்பியதும் அவருடைய கதையும் திரும்பியது. "எங்க பாட்டன் பூட்டன் எல்லாம் இந்த ரோட்லதான் நடந்து வந்தாங்களாம்."

அது வெறும் கதை இல்லை. பத்தொன்பதாம் நூற்றாண்டில் தமிழ்நாட்டிலிருந்து கோப்பித் தோட்டங்களுக்குக் கொண்டுவரப்பட்டவர்கள் மன்னார்க் கரையில் இறங்கி, மதவாச்சி, மிகிந்தலை, தம்புள்ளை, நாலந்தா என்று காட்டு வழியே நடந்து மாத்தளைக்கு வந்தார்கள். கொலராவிலும் காய்ச்சலிலும் வழியிலேயே விழுந்தவர்கள் எத்தனையோ பேர். மாத்தளைக்கு ரயில் வந்ததே 1880இல்தான். 2023இல், இருநூறு வருசத்தை நினைத்து, தலைமன்னாரிலிருந்து மாத்தளைக்கு ஒரு நடைபயணம் நடந்தது. யூலை 28 தொடங்கி ஓகஸ்ட் 12 மாத்தளையில் முடிந்தது. எங்களில் இருவர் கடைசி நாள் அதில் நடந்தோம். ஒரு நாளிலேயே கால் கொப்பளித்துவிட்டது. இப்போது அதே வீதியில் எதிர்த்திசையில், மெத்தை போட்ட வானில், பாட்டுப் போட்டுக்கொண்டு போனோம். அலுவிகாரையும் வாசனைத் தோட்டங்களும் கண்ணாடியில் ஓடின. நாலந்தாவில் கெடிகே கற்கோயிலைப் பார்க்க இறங்கினோம். பல்லவர் கோயில் சாயலில் கட்டிய பௌத்த ஆலயம் அது. மகாவலித் திட்டத்தில் நீர்த்தேக்கம் வந்தபோது கல் கல்லாகக் கழற்றி மேட்டில் மறுபடி அடுக்கியிருக்கிறார்கள். அப்பாயி சுற்றி வந்து ஒரு கல்லைத் தடவிப் பார்த்தார். "கல்லுக்குக்கூட வேற எடத்துல வீடு கட்டிக் குடுத்திருக்காங்க பாரேன்" என்றார். நாங்கள் அதையும் பகிடி என்றுதான் எடுத்துக்கொண்டோம்.

மோட்டார் ஹோம் வீடியோக்களில் ஒரு விசயத்தைக் காட்டவே மாட்டார்கள். தண்ணீர் எங்கே நிரப்புவது, கழிவை எங்கே கொட்டுவது என்பதை. அந்த நாடுகளில் அதற்கென்றே நிறுத்தும் இடங்கள் இருக்கின்றன. நாங்கள் போன வழியில் அப்படி ஒன்றையும் காணவில்லை. எங்கள் வானில் கழிப்பறையும் இல்லை. அதனால் எங்கள் சுதந்திரப் பயணம் முழுக்க மற்றவர்களிடம் கேட்பதாகவே போனது. கோயில் கிணற்றில் தண்ணீர் கேட்டோம், பெற்றோல் செட்டில் டொய்லற் கேட்டோம், கடைக்காரரிடம் பாத்திரம் கழுவக் கேட்டோம். யாரும் முகம் சுளிக்கவில்லை, அதைச் சொல்லியாக வேண்டும். நாவுலவில் ஒரு சிங்கள அம்மா தண்ணீரோடு ஒரு சீப்பு வாழைப்பழமும் தந்தார். ஆனால் எங்களில் பெண்கள் மூன்று பேரும் பின்னேரம் நான்கு மணிக்கு மேல் தண்ணீர் குடிப்பதை நிறுத்திவிட்டார்கள். ஆண்கள் இரண்டு பேருக்கும் இது இரண்டாம் நாள்தான் தெரிந்தது. ஹோட்டலுக்குக் கொடுக்கிற காசு கட்டிலுக்கு மட்டும் இல்லை, யாரிடமும் கேட்காமல் ஒரு கதவைச் சாத்திக்கொள்வதற்கும் சேர்த்துத்தான் என்று அங்கேதான் விளங்கியது.

முதல் இரவுக்குக் கண்டலம குளக்கட்டைத்தான் மனதில் வைத்திருந்தோம். வீடியோவில் வருகிற ஏரிக்கரைக்கு எங்களால் முடிந்த பதில் அது. பொழுது படுகிற நேரம் அங்கே சோறு ஆக்கினோம். அந்தக் குளத்தின் கரையில்தான் ஜெஃப்ரி பாவா வடிவமைத்த ஹோட்டல் இருக்கிறது. 1994இல் திறந்தார்கள். கட்டத் தொடங்கிய காலத்தில் குளத்துக்கும் காட்டுக்கும் கேடு என்று பிக்குகளும் ஊர் விவசாயிகளும் சூழலியலாளர்களும் பெரிய எதிர்ப்பு நடத்தியிருக்கிறார்கள். இன்று கொடியும் மரமும் மூடி, கட்டடம் எது மலை எது என்று பிரித்துப் பார்ப்பதே கஷ்டம் என்கிறார்கள். நாங்கள் பருப்பைக் கிண்டிக்கொண்டே அதைப் பற்றி விவாதித்தோம். காட்டுக்குள் ஒளிந்துகொள்கிற சொகுசு நல்லதா, ஒளியாமல் நிற்கிற அசிங்கம் நல்லதா என்று. அப்பாயி வெங்காயம் உரித்துக்கொண்டிருந்தார்.

அப்போது மோட்டார் சைக்கிளில் போன ஓர் ஐயா நிறுத்தி, "மெத்தன நவத்தன்ன எப்பா, அலி எனவா" என்றார். யானை வரும், இங்கே நிற்காதீர்கள் என்று. சோற்று மணத்துக்கே வரும் என்றும் சொன்னார். அரைவேக்காட்டுப் பருப்போடு வானைக் கிளப்பினோம்.

போய்ச் சேர்ந்தது தம்புள்ளை பொருளாதார மத்திய நிலையத்துக்குப் பக்கத்தில். ராத்திரி முழுக்க லொறிகள் வந்துகொண்டே இருக்கும், வெளிச்சம் இருக்கும், ஆள் நடமாட்டம் இருக்கும். நுவரெலியாவிலிருந்து கரட்டும் லீக்ஸும், வடக்கிலிருந்து வெங்காயமும் வந்து இறங்கின. லொறிகளைப் பார்த்த பிறகுதான் எங்களுக்கு வெட்கம் வந்தது. இலங்கையின் உண்மையான மோட்டார் ஹோம் இதுதானே. சீட்டுக்குப் பின்னால் பலகை, அதில் ஒரு தலையணை, கண்ணாடியில் சாமி படம், கொடியில் காய்கிற துவாய். யாழ்ப்பாணத்து டிரைவர் ஒருவர் எங்கள் வானுக்குள் எட்டிப் பார்த்து, "நல்ல மெத்தையா இருக்கே, என்ன லோட்?" என்றார். சும்மா ட்ரிப் அண்ணை என்றோம். "வீட்டில கட்டில் இல்லையோ?" என்று கேட்டார். பகிடியாகத்தான் கேட்டார், ஆனாலும் பதில் வரவில்லை.

அன்றிரவு பெண்கள் வானுக்குள், ஆண்கள் முன்சீட்டில். புழுக்கம். கண்ணாடியைத் திறந்தால் நுளம்பு. ஒரு மணிக்கு யாரோ காவலாளி டோர்ச் அடித்துப் பார்த்துவிட்டுப் போனார். கோவா வாடை, லொறியின் பின்பக்க பீப் சத்தம். விடிந்ததும் அப்பாயிடம், "எப்படி அப்பாயி, வசதியா இருந்துச்சா?" என்று கேட்டோம். இடுப்பைப் பிடித்துக்கொண்டு இறங்கினவர் சிரித்தார். "என்னா வசதி. ஓடுற காம்பராடா இது."

தெரியாதவர்களுக்கு: லயத்து வீட்டின் அறையைத் தோட்டத்தில் காம்பரா என்பார்கள். பத்தடிக்குப் பன்னிரண்டடி. அதற்குள்தான் அடுப்பும் படுக்கையும் மூன்று தலைமுறையும். நாங்கள் விழுந்து விழுந்து சிரித்தோம். வானின் படத்தோடு அந்த வசனத்தை இன்ஸ்ராவில் போட்டோம். நல்ல லைக்கும் வந்தது.

சிகிரியாவில் எங்களை எல்லாம் தோற்கடித்தது அப்பாயிதான். ஏறக்குறைய ஆயிரத்து இருநூறு படி. நாங்கள் மூச்சு வாங்க நின்ற இடத்தில் அவர் சேலையைச் செருகிக்கொண்டு ஏறிப் போனார். சிங்கப் பாதம் வரைக்கும் வந்து அங்கேயே உட்கார்ந்தார். காசியப்பன் தம்பிக்குப் பயந்து மேலே அரண்மனை கட்டின கதையைச் சொன்னோம். "அப்ப ராசாவும் நிம்மதியாத் தூங்கியிருக்க மாட்டான்" என்றார்.

இறங்கி வருகிற வழியில் இரண்டு பக்கமும் ஹோட்டல் போர்டுகள். வான் மெதுவாகப் போய்க்கொண்டிருந்தது. "இதுக்குள்ள எல்லாம் என்னா புள்ள இருக்கும்?" என்று அப்பாயி கேட்டார். ரூம் இருக்கும், கட்டில் இருக்கும், பைப்பைத் திறந்தா சுடுதண்ணி வரும் என்று பேத்தி சொன்னாள். கொஞ்ச நேரம் பேச்சில்லை. பிறகு யாரிடமும் இல்லாமல் சொன்னார்: "நான் பொறந்ததுலருந்து காம்பராவுலதான் இருக்கேன். ட்ரிப்புன்னதும் வேற எங்கயாச்சும் படுப்போம்னு நெனச்சேன்."

முன்சீட்டில் பாட்டை யார் நிறுத்தியது என்று தெரியவில்லை.

எங்களுக்குச் சின்ன இடத்தில் அடைந்து கிடப்பது ஒரு மாற்றம். அதைச் 'சிம்பிள் வாழ்க்கை' என்று பெயர் வைத்துக் கொண்டாடினோம். அவருக்கு அது இன்னொரு நாள், அவ்வளவுதான். எளிமையை ஒரு விருந்து மாதிரி அவருக்குக் கொடுக்கப் பார்த்திருக்கிறோம். பெரியப்பாவின் நினைவும் வந்தது. ரொறன்ரோவில் இருபது வருசம் இரண்டு வேலை செய்தவர். இரண்டு நாள் யாரோ விரித்த கட்டிலில் படுக்க ஆசைப்பட்டதில் என்ன பிழை? ஊரைப் பார்க்காமல் போனார் என்பது இன்னும் எங்கள் குறைதான், அதை விடப் போவதில்லை. ஆனால் அவரைப் பார்த்துச் சிரித்த சிரிப்பு அன்றைக்குக் கொஞ்சம் கசந்தது.

ஆளுக்கு இருந்த காசைக் கூட்டினோம். பெரிய ஹோட்டலுக்கு ஒரு வாசற்படிக்கும் காணாது. தம்புள்ளையில் ஒரு சின்ன கெஸ்ட் ஹவுஸில் இரண்டு ரூம் கிடைத்தது. பொடியனும் பெட்டையுமாகப் போய் நின்றதால் கவுண்டரில் இருந்தவர் அடையாள அட்டையைத் திருப்பித் திருப்பிப் பார்த்தார். யாருக்கு யார் என்ன முறை என்று கேள்வி. அப்பாயி பின்னாலிருந்து முன்னே வந்து நின்றார். "எல்லாம் எம் புள்ளைங்கதான், சாவியக் குடுங்க." அவருக்குத் தமிழ் விளங்கியதோ இல்லையோ, சாவி வந்தது.

சுடுதண்ணியில் அப்பாயி குளித்து முடிக்க முக்கால் மணி நேரம் ஆனது. கதவைத் தட்டப் போன பேத்தியை நாங்கள்தான் மறித்தோம். வெளியே வந்து மின்விசிறிக்குக் கீழே கட்டிலில் கையை விரித்துப் படுத்தார். எங்கள் யாருக்கும் ஒன்றும் சொல்லவில்லை. ஐந்து நிமிசத்தில் குறட்டை.

காலையில் நாங்கள் எழும்பியபோது அவர் ஏற்கெனவே குளித்து, சேலை மாற்றி, பெட்சீற்றை நான்காக மடித்துக் கட்டிலின் தலைமாட்டில் வைத்திருந்தார். துவாயைத் துவைத்து ஜன்னலில் காயப் போட்டிருந்தார். அதெல்லாம் அவங்க செய்வாங்க அப்பாயி, அதுக்கும் சேர்த்துத்தான் காசு என்று சொல்லிப் பார்த்தோம். "இருக்கட்டும் புள்ள" என்றார். பிறகு பாவிக்காத சின்னச் சவர்க்காரம் ஒன்றைக் காட்டி, "இத எடுத்துக்கிட்டுப் போனா ஏதும் சொல்லுவாங்களா?" என்று கேட்டார். சொல்ல மாட்டார்கள் என்றோம். மற்ற ரூமிலிருந்ததையும் கொண்டுவந்து கொடுத்தோம். இரண்டையும் முந்தானையில் முடிந்துகொண்டு வானில் முன்சீட்டில் ஏறி உட்கார்ந்தார்.