காசு வாங்கினா சொல்லிட்டுப் பேசுங்க

ஐப்பசி மழை பிடித்ததும் மரக்காணம் உப்பளங்களில் வேலை நின்றுவிடும். பாத்தி முழுக்கத் தண்ணீர். கையில் கூலி இல்லை, போனில் டேட்டா மட்டும் இருக்கிறது. எங்க பக்கத்துப் பையன்கள் கிரிப்டோ காயின் வீடியோவில் விழுவது இந்த மாதங்களில்தான். "நானே போட்டிருக்கேன் ப்ரோ, லிங்க் கீழே இருக்கு" என்கிறார் ஒருவர். அந்த லிங்க்கில் ஆள் சேர்ந்தால் தனக்கு என்ன கமிஷன் என்பதை மட்டும் சொல்ல மாட்டார்.

ரிஸ்க்கைச் சொல்லவாவது விதி இல்லாமல் இல்லை. கிரிப்டோ, என்எஃப்டி விளம்பரங்களில், இவை முறைப்படுத்தப்படாதவை, ரிஸ்க் அதிகம், நஷ்டமானால் முறையிட வழியில்லாமல் போகலாம் என்று எச்சரிக்க வேண்டும். 2022 ஏப்ரல் 1 முதல் இந்திய விளம்பரத் தரக் கவுன்சில் வைத்திருக்கும் நெறி இது. வீடியோவில் அந்த எச்சரிக்கையை ராக்கெட் வேகத்தில் வாசித்துவிட்டுப் போவது தனிக் கலை!

அமெரிக்காவில் டிவி பிரபலம் கிம் கர்தாஷியன் எத்தீரியம்மேக்ஸ் என்ற கிரிப்டோ பற்றி இன்ஸ்டாகிராமில் போட்ட பதிவில் 'விளம்பரம்' என்ற ஹேஷ்டேக் இருந்தது. அது போதாது, வாங்கிய 2.5 லட்சம் டாலரை ஏன் சொல்லவில்லை என்று பிடித்தது அங்குள்ள பங்குப் பரிவர்த்தனை ஆணையம். 2022 அக்டோபரில் 12.6 லட்சம் டாலர் கட்ட ஒப்புக்கொண்டார்.

நம்ம ஊர் யூடியூபர்களிடமும் அதையே கேட்கலாம். தம்பிகளா, அடுத்த வீடியோவில் லிங்க்கைத் தொடுவதற்கு முன் கமெண்ட்டில் போடுங்க: "அண்ணே, இதுக்கு எவ்வளவு வாங்கினீங்க?"