ஒன்பது வால் நரி

வாளெடுத்தவன் மட்டுமே வீரன் அல்லன். வாள் வரும் வழியறிந்து விலகுபவனும் வீரனே. மெலிந்த உடல் வாய்த்த எனக்கு இவ்வெண்ணத்தில் தனிப்பற்று உண்டு. அப்பற்றே என்னை ஒரு விளையாட்டுக்கு விதி எழுதத் தூண்டியது.

அமெரிக்காவில் கேரி கைகாக்ஸ், டேவ் ஆர்னசன் இருவரும் உருவாக்க, 1974-இல் வெளிவந்தது 'டஞ்சன்ஸ் அண்ட் டிராகன்ஸ்'. நண்பர்கள் மேசையைச் சுற்றி அமர்ந்து, ஆளுக்கொரு பாத்திரமேற்று, 20 முகப் பகடை உருட்டிக் கதை வளர்க்கும் ஆட்டம் அது. வெறுங்கையால் போரிடும் துறவியும் அதில் ஒரு பாத்திரம். 2014-ஆம் ஆண்டுப் பதிப்பின்படி, அத்துறவி 3-ஆம் படியில் ஒரு மரபைத் தேர்வான்; 6, 11, 17-ஆம் படிகளில் அம்மரபின் ஆற்றல்கள் வளரும்.

அவனுக்கென நான் வகுத்தது நரி மரபு. ஜப்பானியக் கதைகளில் நரி உருமாறும். வயது ஏற ஏற அதன் வால்கள் பெருகி ஒன்பதாகும். என் துறவியும் முதலில் பொய்யுருவைக் காட்டி அடிக்குத் தப்புவான். பிறகு வேற்றுருக் கொள்வான். 17-ஆம் படியில் ஒன்பது வாலும் விரிப்பான்.

ஆனால், மாயம் விலையின்றிக் கிடைத்தால் என்னாகும்? எல்லா இடரையும் நரியே தாண்டிவிடும். கவசம் பூண்ட வீரனாக ஆடும் நண்பன் கைகட்டிப் பார்த்திருப்பான். ஆகவே ஒவ்வொரு மாயத்துக்கும் ஒரு 'கி' புள்ளி விலை வைத்தேன். 3-ஆம் படியில் அவனிடம் இருப்பவை மூன்றே. ஓய்வெடுத்தால்தான் அவை மீளும். கூர்ந்து நோக்கும் பகைவன் பொய்யுருவைக் கண்டுகொள்ளவும் பகடையில் வழி வைத்தேன்.

தோற்கவும் கூடும் என்பதால்தானே தந்திரம் சுவைக்கிறது! விதி எழுதுபவன் தன் நரியை மட்டுமன்றி, எதிரே அமர்ந்திருக்கும் நண்பனையும் நினைத்தே எழுத வேண்டும்.